பொகவந்தலாவையும் பொதுச்சேவைச் சீர்திருத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

பொகவந்தலாவையில் உள்ள தூய மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கணவனும் மனைவியுமாகிய இருவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். மனைவி யூலியா மார்கரட் கமரன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களுள் ஒருவரென உலகம் அவரைப் போற்றுகின்றது. அவரது கல்லறையைக் காண்பதற்கென்றே மலையேறி வரும் வெளிநாட்டார் உளர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். அவரை நினைந்து அங்கு வருவோர் மிகச் சிலரே. ஆயினும் இலங்கையின் ஆட்சிமுறை வரலாற்றைப் பயிலும் மாணவர் எவரும் இவரது பெயரைக் கடவாது செல்லவியலாது. 1833ஆம் ஆண்டில் இந்நாட்டின் நிருவாகத்தையும் நீதிபரிபாலனத்தையும் புதிதாக அமைத்த கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களில் இரண்டாவதாக நிற்கும் பெயர் இவருடையதே.

நவீன இலங்கையின் பொதுச்சேவை அச்சீர்திருத்தங்களிலிருந்து தொடங்குகின்றது என்பது நமது பாடநூல்கள் யாவும் கூறும் செய்தி. அவ்வாறாயின், சீர்திருத்தத்தின் ஆசிரியர்களுள் ஒருவர் துயிலும் மண்ணுக்கு அச்சீர்திருத்தம் எப்பொழுது வந்து சேர்ந்தது? கல்லறைத் தோட்டத்தைச் சூழ்ந்து பச்சைக் கம்பளமாய்ப் பரந்துகிடக்கும் தேயிலை மலைகளில், கொட்டியாகலையிலும் பொகவானையிலும் லொயினோனிலும் லயங்களில் வாழ்ந்த மக்கள் எப்பொழுது ஓர் அரசாங்கக் காரியாலயத்தின் முன் குடிமக்களாக நின்றனர்? இவ்வினாவுக்கு விடை காண முயலுமிடத்து, பொதுச்சேவைச் சீர்திருத்தம் என்னும் தொடருக்கு மலையகத்தில் ஏனைய பகுதிகளுக்கில்லாத ஒரு தனிப்பொருள் உண்டு என்பது தெளிவாகும். சம்பளத் திட்டம், போட்டிப் பரீட்சை, பதவியுயர்வு, கோப்புகளின் வேகம் என்பனவே பிறவிடங்களில் சீர்திருத்தத்தின் பேசுபொருள். மலையகத்திலோ, மனிதனுக்கும் அரசுக்கும் இடையில் நிற்பவர் யார் என்பதே வினா.

ஆணைக்குழுவின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். வில்லியம் கோல்புறூக் 1829இல் இலங்கை வந்தார். சட்ட அறிஞரும் பெந்தாமின் கொள்கைகளில் ஊறியவருமான கமரன் 1830இல் அவருடன் இணைந்தார். அவர்களது அறிக்கைகள் 1831ஆம் ஆண்டின் முடிவிலும் 1832ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சமர்ப்பிக்கப்பட்டன. அப்பொழுது கண்டி நாட்டுக்கு ஒரு நிருவாகம், கரையோரத்துக்கு வேறொரு நிருவாகம். இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பு அரசின் வேலைகளுக்கு அடிப்படை. சிவில் சேவையின் உயர்பதவிகள் ஐரோப்பியருக்கே உரியன. இராசகாரியம் ஒழிக்கப்படல் வேண்டும், நாடு முழுவதும் ஒரே நிருவாகத்தின்கீழ் வருதல் வேண்டும், மாகாணங்கள் ஐந்தாதல் வேண்டும், தகுதியுடைய இலங்கையருக்குச் சிவில் சேவையின் கதவு திறக்கப்படல் வேண்டும் என்பன கோல்புறூக்கின் பரிந்துரைகள். ஆளுநரின் நிறைவேற்று அதிகாரத்திலிருந்து நீதித்துறையைப் பிரித்து, இனமும் பிரதேசமும் பாராது யாவர்க்கும் ஒரே நீதிமன்ற ஒழுங்கை அமைத்தல் கமரனின் பணி. 1833ஆம் ஆண்டு நீதிச் சாசனம் பெரும்பாலும் அவரது சிந்தனையின் விளைவு. தாம் வகுத்த கொள்கையில் உண்மையான பற்றுடையவர் அவர், அதில் ஐயமில்லை.

ஆயினும் சீர்திருத்தங்கள் தம்மை வகுத்தோர் எண்ணாத பிள்ளைகளையும் பெறுவதுண்டு. சிக்கனத்தை முன்னிட்டுச் சிவில் சேவையாளரின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன; ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் முடிக்குரிய காணிகள் விற்பனைக்கு வந்தன. கோப்பிக்கு இங்கிலாந்தில் நல்ல விலை கிடைத்தது. வருவாய் குன்றிய உத்தியோகத்தர் கச்சேரியை விட்டுக் கோப்பித் தோட்டத்தை நோக்கினர். ஆளுநர் முதல் கீழ்நிலை அதிகாரிவரை காணி வாங்கியோர் பலர். 1840களின் நடுப்பகுதியில் சம்பளங்களை உயர்த்தி, உத்தியோகத்தர் தோட்டத்தொழிலில் ஈடுபடலாகாதெனத் தடைவிதித்த பின்னரே சேவை ஓரளவு நிலைபெற்றது. காணியை விற்கும் அதிகாரியும் அதனை வாங்கும் துரையும் ஒருவராகவே இருந்த காலத்தில் தோட்டத்துக்கும் அரசுக்கும் இடையே ஏற்பட்ட உறவு, தடைச்சட்டத்தால் மாத்திரம் அறுந்துவிடவில்லை.

இராசகாரியம் ஒழிந்ததும் உழைப்பாளர் சந்தை ஒன்று தானாகவே உருவாகும் என்பது அக்காலச் சிந்தனை. கண்டிக் கிராமத்தவர் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. எனவே திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலைக்கு வந்தனர். கோப்பி நோயில் மடிந்தபின் அதே மலைகளில் தேயிலை வளர்ந்தது. 1884இல் புகையிரதம் ஹற்றனை அடைந்தது. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தேயிலை உலகப் புகழ் பெற்றது. கமரனும் இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் வாங்கியிருந்தார். 1875இல் அவரும் மனைவியும் இங்கிலாந்தை விட்டு இந்நாட்டில் வந்து குடியேறினர். யூலியா 1879இலும் கமரன் 1880இலும் மறைந்தனர். நாடெங்கும் ஒரே நிருவாகம் வேண்டுமென்ற அறிக்கையில் இடம்பெற்றவரின் முதுமைக் காலத்தில், அவரைச் சூழ்ந்த தோட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி இராச்சியமாக வளர்ந்துகொண்டிருந்தன.

தனி இராச்சியம் என்பது மிகைக்கூற்றன்று. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆளெண்ணிப் பெயர் பதிவது தோட்டத்தின் வேலை. அப்பதிவேடாகிய செக்றோல் கூலிக்கு மட்டுமன்றி, ஒருவர் எங்கு வாழ்கிறார் என்பதற்கும் சான்று. குடியிருக்கும் லயக்காம்பிரா தோட்டத்தினுடையது. குடிக்கும் நீர் தோட்டத்தின் பீலியிலிருந்து வருவது. அரிசி தோட்டக் களஞ்சியத்தில் அளக்கப்படுவது. நோயுற்றால் தோட்டத்து மருந்துச்சாலை, பிள்ளைக்கு எழுத்தறிவிக்கத் தோட்டப் பாடசாலை, கடிதம் வந்தால் தோட்டக் காரியாலயத்துத் தபால் பை. வேறொரு தோட்டத்துக்குப் போக எண்ணினால் கடனடைந்ததென்பதற்குத் துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், துரை என்னும் ஏணியின் ஒவ்வொரு படியிலும் கைகட்டி நின்றே தொழிலாளி மேலுள்ளதைக் கண்டான். ஏணியின் உச்சிக்கு அப்பால் அரசு என ஒன்று உண்டென்பதை அவன் பெரும்பாலும் ஹற்றன் நீதிமன்றத்திலேயே அறிந்திருப்பான்.

அரசு தோட்டத்துக்குள் வரவில்லை என்று கூறுவோர் உளர். அஃது முழுவதும் பொருந்தாது. அரசு சட்டங்களின் வழியே வந்தது. வந்து, தன் கடமைகளைத் துரையின் கையில் ஒப்படைத்துச் சென்றது. 1865ஆம் ஆண்டுச் சேவை ஒப்பந்தச் சட்டம் வேலையை விட்டுச் செல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கென மருத்துவ உதவிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அத்துறையின் சட்டங்கள் 1912இல் மீண்டும் திருத்தியமைக்கப்பட்டன. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்தின்மீது சுமத்தின. இவை யாவும் நன்மை கருதியவையே. ஆயினும் மருந்தும் எழுத்தும் உரிமையாக அரசிடமிருந்து வராமல், துரையின் செலவுக் கணக்கில் ஓர் இனமாக வந்தமையால், அவை எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பது துரையின் மனப்பாங்கையும் தேயிலையின் சந்தை விலையையும் பொறுத்ததாயிற்று. நல்ல துரைமாரும் இருந்தனர். சேவையொன்று நல்லவரின் நன்மையை நம்பி நிற்க நேர்வதே அதன் குறை.

கமரன் குடும்பம் இலங்கைக்கு வந்த அதே 1875ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. பொன்னம்பலம் அருணாசலம் இங்கிலாந்தில் போட்டிப் பரீட்சையில் தேறி, அவ்வழியே இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். இலங்கையருக்குச் சேவையைத் திறக்கவேண்டுமெனக் கோல்புறூக் கூறி நாற்பதாண்டுக்கு மேலான பின் நிகழ்ந்தது இது. பதிவாளர் நாயகமாக அருணாசலம் ஆற்றிய பணி நம் நிருவாக வரலாற்றில் ஓர் உன்னதமான அத்தியாயம். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு அவரது பெயரை என்றும் சொல்லிக்கொண்டிருக்கும். பிறப்பு, இறப்புப் பதிவை ஒழுங்குபடுத்திய அம்மேதை, பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளரை நோக்கித் திரும்பியது தற்செயலன்று. 1919இல் அவர் தொழிலாளர் நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். வேலையை விட்டோரைச் சிறையிலடைக்கும் சட்டப்பிரிவுகளுக்கும் துண்டு முறைக்கும் எதிராக வாதாடினார். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. சிவில் சேவையின் உள்ளிருந்து ஒருவர், அச்சேவையின் நிழல் விழாத இடம் எது என்பதைக் கண்டு காட்டினார் என்ற வகையில் இந்நிகழ்ச்சியை நாம் இன்னும் போதிய அளவு மதிப்பிடவில்லை என்றே தோன்றுகின்றது.

ஆயினும் பிறப்புப் பதிவிலும் தோட்டத்துக்கென ஒரு தனிவழியே வகுக்கப்பட்டது. கிராமத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தகப்பன் பதிவாளரிடம் அறிவிப்பான். தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தையின் பிறப்போ துரையின் வழியாகவே அறிவிக்கப்படல் வேண்டும். ஒரு மனிதன் இவ்வுலகிற்கு வந்ததற்கான முதற்சான்று, அவனுடைய பெற்றோருக்கு வேலை கொடுப்பவரின் காரியாலயத்தில் எழுதப்பட்டது. எழுதிய கிளாக்கரின் காதில் பெயர் எவ்வாறு விழுந்ததோ அவ்வாறே அது ஆங்கிலத்தில் நின்றது. தோட்டத்தின் பெயரும் அத்தகையதே: மக்கள் வழங்குவது ஒரு தமிழ்ப் பெயர், ஏட்டில் இருப்பது வேறோர் ஆங்கிலப் பெயர். இச்சிறு வேறுபாடுகள் அரை நூற்றாண்டின் பின் எத்துணைப் பெரிய விலையைக் கேட்கும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

உள்ளூராட்சியிலும் இதே கதை. 1889ஆம் ஆண்டுக் கிராமச் சபைச் சட்டம் தோட்டத் தொழிலாளரைச் சபையின் எல்லைக்குள் கொள்ளவில்லை. 1937இல் அது திருத்தப்பட்டபொழுதும் தோட்டம் வழங்கிய குடியிருப்பில் வாழ்ந்தோர்க்குக் கிராமச் சபை வாக்கு மறுக்கப்பட்டது. தோட்ட எல்லைக்குள் வெளியார் நுழைவதற்கே அனுமதி வேண்டியிருந்த காலம் அது. கோ. நடேசய்யர் தொழிலாளரைக் காண்பதற்காகப் புடைவை வியாபாரியின் கோலத்தில் தோட்டங்களுக்குள் சென்றார் என்பது மலையகம் நன்கறிந்த செய்தி. ஓர் அரசியற் பணியாளர் செல்லமுடியாத இடத்துக்கு அரசாங்க உத்தியோகத்தர் செல்லவேண்டிய தேவையே எழவில்லை.

1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தது. தோட்டத் தமிழருக்கு மாத்திரம் வதிவிடச் சான்று முதலிய நிபந்தனைகளோடு தந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 780,000 பேராயிருந்த இந்தியத் தமிழரின் பெரும்பகுதியினர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இதன் அரசியற் காரணங்கள் பலராலும் ஆராயப்பட்டவை. ஆகவே ஈண்டு விரிக்கப்படவில்லை. அவ்வநீதி நிருவாகத்தின் மூலம் எவ்வாறு செயற்பட்டது என்பதே நமது பொருளுக்கு உரியது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறலாமெனக் கூறிற்று. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிரூபித்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் காலக்கெடு முடிந்தபொழுது ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 825,000 பேர். பத்தாண்டுக்கு மேற்பட்ட பரிசீலனைக்குப் பின் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே.

இவ்வெண்களின் பின்னாலுள்ள காட்சியை நாம் மனக்கண்ணிற் கொண்டுவருதல் தகும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், தான் பிறந்த லயத்திலேயே தன் மக்களையும் பெற்றவள், தான் இந்நாட்டில் வாழ்ந்தேன் என்பதைக் கடதாசியால் காட்டல் வேண்டும். அவள் வாழ்ந்ததற்குச் சாட்சி கூறக்கூடிய கடதாசிகளோ தோட்டத்துச் செக்றோலிலும் பிறப்புப் பதிவிலும் அரிசிக் கணக்கிலுமே இருந்தன. அவை அவளுடைய கையிலில்லை. செக்றோலில் பெயர் ஒருவிதம், பதிவில் இன்னொருவிதம். தோட்டங்கள் மாறிய இடைவெளியில் சில மாதங்களுக்குச் சான்றில்லை. கேள்வியோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் கடிதத்தில். சட்டம் கேட்டது வதிவிடத்தை. பரிசீலித்த உத்தியோகத்தர் கேட்டது ஆவணத்தை. துரையின் காரியாலயம் எழுதிய எழுத்தின் பிழைக்கு அந்தத் தாய் தண்டனை பெற்றாள். முந்திய நூறாண்டுகளில் அரசு தன் பதிவேட்டுக் கடமையைத் தோட்டத்திடம் விட்டிராவிடின், 1951இல் அவ்வளவு மனிதரை அவ்வளவு எளிதில் இல்லாதவராக்கியிருக்க இயலாது என்பது என் துணிபு.

சுதந்திர இலங்கையின் முதற் பெரிய நிருவாகச் சீர்திருத்தம் 1963இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு மே மாதம் முதலாந் திகதி இலங்கைச் சிவில் சேவை முடிவெய்தி, அதனிடத்தில் இலங்கை நிருவாகச் சேவை அமைந்தது. கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிந்து, பரீட்சை மூலம் தெரிவாகும் கிராம சேவகர் வந்தார். பிறப்பாலும் செல்வாக்காலும் வந்த தலைமையை அகற்றித் தகுதியால் வரும் உத்தியோகத்தரை அமர்த்திய அச்செயல் உண்மையில் ஒரு சமூகப் புரட்சி எனத்தகும். கிராமத்துக்கு அது பொருந்தும். தோட்டத்திலோ 'தலைமைக்காரர்' துரையல்லவா? அவரை எந்தப் பரீட்சையும் மாற்றவில்லை. கிராம சேவகரின் பணி கிராமத்தை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டிருந்தது. வாக்கற்றவரும் நாடற்றவருமாகிய மக்களைத் தேடித் தேயிலை மலை ஏறவேண்டுமென அவரை எவரும் பணிக்கவுமில்லை.

அடுத்த ஆண்டில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வோமென்று இரு தலைநகரங்களும் இணங்கின. 1974இல் அவ்வெஞ்சியோரும் இரு பாதியாகப் பங்கிடப்பட்டனர். அதன்பின் பொகவந்தலாவைத் தொழிலாளி இரண்டு அரசாங்கங்களின் காரியாலயங்களுக்கிடையே அலைந்தான். ஒன்று அவனைப் பதிவுசெய்யத் தாமதித்தது, மற்றது அனுப்பிவைக்க அவசரப்பட்டது. ஹற்றன் புகையிரத நிலையத்தில் தலைமன்னார் நோக்கிய பயணத்துக்காகக் கூடி அழுத குடும்பங்களின் நினைவு மலையகத்தின் முதியோரிடம் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. கோட்பாட்டளவில் நோக்கின், இப்பொழுது தோட்டமும் அரசும் ஒன்று. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் துரை என்பவர் அரசின் ஊதியம் பெறுபவர். அரசாங்கச் சேவைகள் இனியேனும் தோட்டத்துக்குள் பரவும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். உடைமை மாறிற்று, வாயில் மாறவில்லை. அரசு தோட்டத்தை முகாமை செய்ததேயன்றி ஆட்சி செய்யவில்லை.

இதற்கு ஒரு பெரும் விலக்கு கல்வி. 1960 - 61இல் பாடசாலைகள் அரசுடைமையானபொழுது தோட்டப் பாடசாலைகள் கைவிடப்பட்டிருந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து அவை படிப்படியாக அரசினால் பொறுப்பேற்கப்பட்டன. மலையகத்தில் நிகழ்ந்த பொதுச்சேவைச் சீர்திருத்தங்களுள் பயன்மிக்கது எதுவெனக் கேட்பின், தயக்கமின்றி இதனையே சுட்டுவேன். ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஐந்தாம் வகுப்புமாயிருந்த பாடசாலைகள் திடீரெனக் கல்லூரிகளாகிவிடவில்லை. பற்றாக்குறைகள் இன்றும் உள. ஆயினும் ஆசிரியர் துரையின் ஊழியராயிருந்த நிலை நீங்கி அரசாங்க ஊழியரானார். பின்னர் தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர் நியமனம் பெற்றனர். இன்று நம் பல்கலைக்கழகங்களில் பயிலும் மலையக மாணவரின் பாதை அங்குதான் வெட்டப்பட்டது. இடையில் நின்றவர் அகன்றதும் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிரசாவுரிமைப் பிரச்சினையின் முடிவும் நிருவாக நோக்கில் ஆராயத்தக்கது. 1986ஆம் ஆண்டு சனவரியில் நடைபெற்ற பிரார்த்தனை இயக்கத்தையடுத்து அவ்வாண்டில் ஒரு சட்டமும், 1988இல் 39ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறின. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சத்தியக் கடதாசியையே போதிய சான்றாக ஏற்றது. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வதிந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக்கியது. அதன்கீழ் நடமாடும் சேவை நிலையங்கள் தோட்டங்களை நாடிச் சென்றன. தொண்டர்கள் படிவங்களை நிரப்ப உதவினர். பத்து நாளளவில் ஏறத்தாழ 190,000 பேர் உரிமை பெற்றனர் என ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் பதிவு செய்துள்ளது. பத்தாண்டுகளிற் செய்யப்படாதது பத்து நாட்களில் நடந்தேறியது. இயந்திரங்கள் புதியனவா? இல்லை. மேசையும் நாற்காலியும் படிவமுமே. சந்தேகத்தை விட்டு நம்பிக்கையிலிருந்து தொடங்கியமையும், மக்கள் காரியாலயத்துக்கு வருவதை விடுத்துக் காரியாலயம் மக்களிடம் சென்றமையுமே வேறுபாடு.

இதற்கிடையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்திருந்தது. மாகாண சபைகளோடு அதிகாரப் பரவலாக்கம் பேசப்பட்ட அதே காலம். அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடந்தரவில்லை. உரிமை பெற்ற தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தலைவராகவும் அமரலாம். தன் லயத்துக்குச் செல்லும் பாதையில் ஒரு மதகு கட்டச் சபையின் பணத்தை எடுக்கலாகாது. 1889இல் வாக்கும் இல்லை, சேவையும் இல்லை; ஒரு நூற்றாண்டின் பின் வாக்கு உண்டு, சேவை இல்லை. சட்டவரைஞர்கள் இதனை எண்ணிச் செய்தார்களா, பழைய வரைவின் தடத்தில் கண்ணை மூடி நடந்தார்களா என்பதைவிட, முப்பதாண்டுகள் இது மாற்றப்படாது நின்றமையே வியப்புக்குரியது.

1992இல் பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களை மாற்றும் சட்டம் நிறைவேறிற்று. மாவட்டக் கச்சேரியின் கருமங்கள் பல பிரதேச மட்டத்துக்கு இறங்கின. மக்களுக்கு அண்மையில் நிருவாகம் என்பது அதன் இலட்சியம். பொகவந்தலாவைக்குரிய அம்பகமுவ பிரதேச செயலகமோ கினிகத்தேனையில். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த பிரிவு அது. அவ்வளவு பேருக்கும் ஒரே செயலகம். மேற்பிரிவு லயமொன்றிலிருந்து இறங்கி வருபவர் பொகவந்தலாவை நகருக்கு நடந்து, அங்கிருந்து நோர்வூட் வழியாக ஹற்றனுக்கு ஒரு பஸ், ஹற்றனிலிருந்து மற்றொரு பஸ் எனச் செல்லல் வேண்டும். அன்றைய பிரட்டில் பெயரில்லை. எனவே அன்றைய கூலியுமில்லை. உரிய உத்தியோகத்தர் கூட்டமொன்றுக்குச் சென்றுவிட்டால் இன்னொரு நாட் கூலியும் போகும். அண்மை என்பதை வரைபடத்திலன்றிக் கூலியில் அளந்து பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் நம் நிருவாக நூல்களில் இன்னும் இடம்பெறவில்லை. இவ்விடைவெளியைத் தொழிற்சங்கக் காரியாலயங்களும் நகரத்து விண்ணப்பம் எழுதுவோரும் நிரப்பினர். அவர்கள் செய்த உதவி மறுக்கவொண்ணாதது. துரைக்குப் பதிலாகத் தலைவர் என இடையில் நிற்பவர் மாறினார் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

மொழியைப் பற்றி இரண்டொரு சொற்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமும் அடுத்த ஆண்டின் 16ஆம் திருத்தமும் தமிழை ஆட்சிமொழியாகவும் நிருவாக மொழியாகவும் ஏற்றன. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளெனப் பிரகடனமாயின. 2007 யூலை முதல் சேவையிற் சேர்வோர் மற்றைய ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமெனச் சுற்றறிக்கை விதித்தது. அறிவித்தல் பலகைகள் மும்மொழியிலும் பொலிவுற்றன. பலகைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் தமிழில் ஒரு முறைப்பாட்டை எழுதிக்கொள்ள வல்லவரா என்பது அவ்வக் காரியாலயத்தின் அதிர்ஷ்டமாகவே நெடுங்காலம் இருந்தது.

1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பொகவந்தலாவையின் பெயரையே தாங்கிய கம்பனியும் அவற்றுள் ஒன்று. வீடமைப்பும் சுகாதாரமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற அமைப்பின் கைக்குப் போயின. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்றது. பலவற்றில் தோட்ட வைத்திய உதவியாளரே தொடர்ந்தார். கடிதங்களும் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே லயங்களை அடைந்தன. லயக்காம்பிராக்களுக்குத் தனி முகவரி இல்லாமையால், ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடைய பலருக்கிடையே நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதமொன்று கிடந்து பழுதாவது அரிய நிகழ்ச்சியன்று.

அண்மைய ஆண்டுகளில் சில கதவுகள் திறந்துள்ளன. 2018 பெப்ரவரியில் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன; பொகவந்தலாவை நோர்வூட் பிரதேச சபைக்குள் வந்தது. அவ்வாண்டிலேயே 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை பணிசெய்ய வழி பிறந்தது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் அதே ஆண்டில் சட்டமாயிற்று. 2019இல் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளைப் பத்தாக்கும் ஏற்பாடு வர்த்தமானியில் இடம்பெற்றது. புதியனவற்றுள் நோர்வூட்டும் ஒன்று. கினிகத்தேனைக்கான இரண்டாவது பஸ்ஸை இதனால் தவிர்க்கலாம், ஹற்றனுக்கே போகவேண்டியதில்லை.

எனினும் பழைய வாயிலின் ஒரு தூண் இன்னும் நிற்கின்றது. ஆட்பதிவுச் சட்டம் 1968ஆம் ஆண்டுக்குரியது. ஆள் அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைக் கிராமத்தில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் வாழ்பவரின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தலாம் என்னும் ஏற்பாடு அதன் நடைமுறையில் இடம்பெற்றது. வசதி கருதிய ஏற்பாடே இது, பலருக்கு உதவியுமுள்ளது. அரசாங்கப் படிவங்கள் இப்பொழுது கணினிக்கு ஏறிவருகின்றன. வீட்டிலக்கம், வீதி, காணி உறுதி என்று அவை வரிசையாகக் கேட்கின்றன. லயத்தில் பிறந்த இளைஞன் ஒருவன் அவ்விடங்களில் இன்றும் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதிவிட்டு, அத்தியட்சகரின் கையொப்பத்துக்காகத் தோட்டக் காரியாலயத்தின் விறாந்தையில் காத்திருக்கின்றான்.